ஆம்லெட் சாரின் காய்ச்சல்

என் அக்காவின் கணவர் முட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று சொன்னால், கோழிக்குத் தீனி போடுகிறாரா, முட்டை பொறுக்குகிறாரா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. அவர் முட்டை தின்கிறார். அதுதான் வேலை. அதற்கு மாதச் சம்பளம் உண்டு, கம்பெனி கொடுத்த ஸ்கூட்டர் உண்டு, ஒரு பெரிய ரெக்சின் பை உண்டு. பைக்குள் ஒற்றை அடுப்பு, சின்ன வாணலி, எண்ணெய் பாட்டில், உப்பு, மிளகுத்தூள், ஒரு தட்டு, ஒரு ஸ்பூன்.

உங்கள் முட்டை சரியில்லை என்று யாராவது கம்பெனிக்குப் போன் செய்தால், மறுநாள் மாமா அந்த வீட்டு வாசலில் நிற்பார். புகார் வந்த அட்டையிலேயே மிச்சமிருக்கும் முட்டையை எடுத்து, அவர்கள் கண்ணெதிரே உடைத்து, ஆம்லெட் போட்டு, நின்ற நிலையிலேயே தின்று முடிப்பார். தட்டைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குப் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். மறுநாள் போன் செய்வார். போன் செய்ய ஆள் உயிரோடு இருக்கிறார் அல்லவா, அதுதான் சாட்சி. புகார் தீர்ந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. ஆம்லெட் சார் என்றால் தெரியும்.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பையில் அடுப்புக்குப் பதிலாகத் தீப்பெட்டியும் இடுக்கியும்தான் இருந்தன. ஊரெல்லாம் பிளாஸ்டிக் முட்டை என்று பேச்சாக இருந்த காலம் அது. முட்டை ஓட்டுக்குள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோல் இருக்கிறதே, காய்ந்தால் அது தனியாக உரிந்து வரும். பார்ப்பதற்குக் கடையில் கொடுக்கிற பை மாதிரிதான் இருக்கும். அதை உரித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு வீடியோ எடுத்தார்கள். மாமா வீடு வீடாகப் போய் அந்தத் தோலைக் கொளுத்திக் காட்டினார். பக்கத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கையும் கொளுத்தினார். பிளாஸ்டிக் உருகிச் சொட்டியது, தோல் கருகிப் பொடியானது. அதோடு விடாமல், புகார் சொன்னவரிடமே ஒரு தலைமுடியைக் கேட்டு வாங்கி அதையும் கொளுத்தினார். முடி கருகுகிற நாற்றமும் தோல் கருகுகிற நாற்றமும் ஒன்றுதான். உயிருள்ள உடம்பிலிருந்து வந்தது இப்படித்தான் நாறும், பிளாஸ்டிக் இப்படி நாறாது என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பொறுமையாக விளக்கினார்.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் மோந்து பார்த்தார். யோசித்தார். "அப்போ முட்டையில முடியைக் கலக்குறீங்க" என்றார்.

அந்த வாரமே முட்டையில் முடி என்று புதிதாகப் புகார்கள் வர ஆரம்பித்தன. மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டு, இனிமேல் எதையும் கொளுத்த வேண்டாம், யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம், பேசாமல் தின்று காட்டிவிட்டு வாருங்கள் போதும் என்றார். தின்று காட்டினார். நம்பினார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் சந்தோஷம், மாமாவைத் தவிர.

"ஒரு ஆளு ஒரு முட்டையைத் தின்னுட்டு உயிரோட இருந்தா, அந்த ஆளு அந்த முட்டையைத் தின்னுட்டு உயிரோட இருக்கான்னு மட்டும்தான் அர்த்தம்" என்று ஒருதடவை என்னிடம் சொன்னார். "இதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. ஆனா இதைத்தான் நம்புறாங்க."

நம்பாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கோழிகளை வரிசை வரிசையாகக் கூண்டில் அடைத்து, விளக்கைப் போட்டு அணைத்து, பெல்ட்டில் முட்டை வந்து விழுகிற இடத்தை யாரும் உள்ளே விட்டுக் காட்டுவதில்லை. மூடிய கதவைப் பார்த்தால் மனசு அதன் பாட்டுக்கு எதையாவது கற்பனை செய்துகொள்ளும். ஆனால் எதை நம்புவது, எதை நம்பாமல் இருப்பது என்பதில் இந்த ஊருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நான் மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவள். பாக்கெட்டில் வருவது எதையும் வாயில் வைக்க மாட்டேன், எல்லாம் கெமிக்கல் என்று என்னிடம் கால் மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, வயிற்று வலிக்கு ஏதாவது கொடும்மா என்று கையை நீட்டி, நான் கொடுக்கிற மாத்திரையின் பெயரைக்கூடப் பார்க்காமல் அங்கேயே தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

அக்கா கீழே, நான் மாடியில். மாமா வீட்டுக்கு வந்தால் முட்டை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அக்கா கேக் வாங்கினால்கூட முட்டை இல்லாத கேக்காகப் பார்த்துத்தான் வாங்குவாள். மற்றபடி அவர் சாது. சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஸ்கூட்டரைத் தினமும் துடைப்பார். அந்தப் பையைத் துவைத்துக் காயப்போடுவார். எந்த வம்புக்கும் போகாத ஆள் இந்த வம்பில் எப்படி மாட்டினார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். கணவர் கிடையாது. முன்னறையில் மெஷின், அதற்குப் பின்னால் சமையலறை, சமையலறையிலேயே ஒரு கட்டில். பள்ளிக்கூடம் படிக்கிற ஒரு மகள். அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் யூனிஃபார்ம் தைப்பது அவர்தான். பள்ளி திறக்கும் நேரத்தில் அந்த முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. சுவரோரம் துணி மூட்டைகள், ஒவ்வொரு மூட்டையோடும் அளவுக்குக் கொடுத்த பழைய சட்டை ஒன்று பின் குத்தித் தொங்கும். வருஷம் முழுக்க அவர்கள் சாப்பிடுவது அந்த ஒரு பருவத்து வேலையை நம்பித்தான்.

அந்தச் சமயம் பார்த்து மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. முட்டைதான் காரணம் என்று தையல்காரம்மா கம்பெனிக்குப் போன் செய்தார். மாமா பையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அன்றைக்கு என் சட்டையை வாங்கப் போய் அங்கேதான் இருந்தேன், அதனால் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

தையல்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்கு மாற்றுத் துணி எடுத்துப் போக வந்திருந்தார். ஆம்லெட் சார் வந்திருக்கிறார் என்றதும் தெருவில் பாதி வாசலில் கூடிவிட்டது. மாமா வணக்கம் சொன்னார், முட்டை அட்டை எங்கே என்று கேட்டார், துணி வெட்டுகிற மேஜையில் ஒரு ஓரத்தை ஒழித்து அடுப்பைப் பற்றவைத்தார். முட்டையை உடைத்தார், அடித்தார், ஊற்றினார், திருப்பினார். வெங்காயம்கூட இல்லாத அந்த ஆம்லெட்டை அவர் மெல்லுகிறபோது, சுவரோடு நின்றிருந்த தையல்காரம்மா சொன்னார்:

"நாங்க இப்படி வேக வைக்கல சார். அவளுக்கு ஆஃப் பாயில்தான் பிடிக்கும்."

மாமாவின் வாய் ஒரு நொடி நின்றது. வாசலைப் பார்த்தார். வாசலில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி மெல்ல ஆரம்பித்தார். தின்று முடித்தார். தட்டைக் கழுவினார். நாளைக்குப் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆம்லெட் சார் கல்லுக்குண்டாக இருக்கிறார் என்ற செய்தி அவர் போன் செய்வதற்கு முன்பே அந்தத் தெருவுக்குப் போய்விட்டது. அப்படியானால் முட்டையில் கோளாறு இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே? அந்த வீட்டில்தான். சமையலறையிலேயே படுக்கிறார்கள், கை கழுவுகிறார்களோ என்னவோ, அந்தத் துணியைத்தானே நம் பிள்ளைகள் போடப் போகிறார்கள் என்று பேச்சு நகர்ந்தது. நஷ்டஈடு வாங்கப் பார்த்தாள் என்று மளிகைக்காரர் தன் பங்குக்குச் சொன்னார். ஒவ்வொருவராகப் போய், பரவாயில்லைம்மா, நீங்க பொண்ணைப் பாருங்க என்று அனுதாபமாகச் சொல்லிவிட்டு, தைக்கக் கொடுத்த துணியையும் அளவுச் சட்டையையும் திரும்ப வாங்கி வந்தார்கள். நான் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது சுவரோரம் வெறுமையாக இருந்தது. மெஷின் மேல் உறை போட்டிருந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்தத் தெருவில் ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் நேராக மாமாவிடம் வந்து ஒரு டோஸ் விட்டேன். உங்கள் ஆம்லெட்டால் ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டீர்கள் என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகுதான் சொன்னார், அவரும் சும்மா இருக்கவில்லை என்று. அந்த அட்டையின் முத்திரையைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். பண்ணையில் ஏழாம் நம்பர் கோழி ஷெட்டிலிருந்து வந்த முட்டை. அதே ஷெட் முட்டைக்கு அதே வாரம் இன்னும் இரண்டு புகார்கள். ஒன்று, பச்சை முட்டையை அடித்துப் பாலில் கலந்து குடிக்கிற ஒரு உடற்பயிற்சிக்காரர். இன்னொன்று, முட்டையும் எண்ணெயும் அடித்து வெள்ளையாக ஒரு சாஸ் செய்து ரொட்டியில் தடவித் தருகிற ஒரு கடை. மூன்று இடத்திலும் முட்டை வேகவில்லை. மூன்று இடத்திலும் ஒரே நோய். மூன்று இடத்திலும் மாமா போய் நன்றாக வேகவைத்துத் தின்றுவிட்டு வந்திருந்தார். முட்டையில் கிருமி இருந்திருந்தாலும் அவருடைய வாணலியில் அது செத்துப்போயிருக்கும்.

இதைக் கொண்டுபோய் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஷெட் முட்டையைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள், முட்டையைத் திரும்ப எடுத்தாலே ஊர் தப்பை ஒத்துக்கொண்டதாகத்தான் சொல்லும். ஊரில் மூன்று பேருக்கு எந்த வாரம்தான் வயிறு சரியில்லாமல் போகவில்லை என்று கேட்டிருக்கிறார். அதுவும் நியாயமான கேள்விதான். பிறகு, "நீங்கதானே தின்னீங்க? உங்களுக்கு ஏதாவது ஆச்சா? இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று முடித்துவிட்டார். மாமா மறுநாளும் போனார், அதற்கு அடுத்த நாளும் போனார். பதில் மாறவில்லை. அவர் சாட்சியே அவரை எதிர்த்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா பையை எடுக்காமல் பின்தெருவுக்குப் போனார். மளிகைக் கடையில் ஏழாம் நம்பர் முத்திரை போட்ட முட்டையாகப் பார்த்து எடுத்தார். ஒரு டம்ளர் கேட்டார். கடை வாசலில் நின்று, ஆள் சேரும்வரை காத்திருந்தார். சேர்ந்ததும், அன்றைக்குத் தான் தின்றது வேகவைத்த முட்டை, அது ஒரு சோதனையே இல்லை, இன்றைக்கு வேகாமல் சாப்பிடுகிறேன், என்ன ஆகிறது என்று நீங்களே பாருங்கள் என்றார். டம்ளரில் உடைத்து ஊற்றினார். மடக் மடக்கென்று குடித்தார். மளிகைக்காரருக்கே குமட்டியது. எதிரில் தையல்காரம்மா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவர் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே கத்தினாள். தையல்காரிக்குப் பரிந்துகொண்டு சாகப் பார்க்கிறீர்களா, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மாமா போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். உடம்புக்கு வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வர வேண்டுமே என்று காத்துக் கிடந்த ஒரே ஆள் அவர்தான். நான் கடையிலிருந்து தெர்மாமீட்டரும் உப்புச் சர்க்கரைப் பொடியும் கொண்டுவந்து வைத்தேன். சாயங்காலம் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. மறுநாள் காலை பார்த்தேன், இல்லை. வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பசிக்கிறது என்றார். அக்கா ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். அவள் இரண்டாவது தடவை சுட வேண்டியிருந்தது.

அவருக்குத் தெரியாததா? கிருமி இருக்கிற ஷெட்டிலும் எல்லா முட்டையிலும் கிருமி இருக்காது, எங்கோ ஒன்றில்தான் இருக்கும். ஒரு டம்ளர் குடித்து நோய் வரவில்லை என்றால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். தெரிந்தும் எதற்காகக் குடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம ஊருக்கு வேற பாஷை தெரியாதே" என்றார்.

அதற்கடுத்த நாள் மளிகைக்காரர் போன் செய்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டார். மளிகைக்காரருக்குப் பின்னால் ஒரு பத்துப் பேராவது மூச்சுக்கூட விடாமல் நிற்பது நன்றாகவே தெரிந்தது. எப்படி இருக்கீங்க சார் என்றார். இல்லை, வேறொன்றும் இல்லை, பச்சையாகக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தப் பொம்பளையை இனிமேல் தெருவில் வைத்துக்கொள்வதா என்றுகூட இங்கே பேசிக்கொள்கிறார்கள், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லப் போகிறாராம், அதனால்தான் கேட்கிறேன் என்றார்.

மாமா கையில் தட்டு இருந்தது. தட்டில் ரொட்டி இருந்தது. அதை மெதுவாகக் கட்டில் மேல் வைத்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள்; கம்பெனியில் எத்தனையோ பேர் சொல்லச் சொல்லியும், இந்த முட்டை உடம்புக்கு ரொம்ப நல்லது என்று ஒருநாளும் எந்த வாசலிலும் சொன்னதில்லை.

"முடியலப்பா" என்றார். குரல் பிசிறியது.

அக்கா போனைப் பிடுங்கி, "அவரால பேச முடியல, வைக்கிறேன்" என்று சொல்லி வைத்தாள். பிறகு கட்டிலில் இருந்த தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஒரு ஆள் கொளுத்திக் காட்டியும், வேகவைத்துத் தின்றது சோதனையே இல்லை என்று எடுத்துச் சொல்லியும் ஏறாத ஊருக்கு இந்த ஒரு வார்த்தை ஏறியது. அன்றைக்கே தெருவில் நாலைந்து பேர் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனார்கள். நாங்க அப்பவே நினைச்சோம், உங்க வீடு எவ்வளவு சுத்தம்னு எங்களுக்குத் தெரியாதா என்றார்களாம். முட்டை வாங்குவதை நிறுத்தினார்கள். அதுவரை சரி. ஆனால் ஊர் அதோடு நிற்குமா? ஆம்லெட் சார் வயிற்றில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டதாம், வாந்தியில் பை பையாக வந்ததாம் என்று என் கடைக்கு வந்தே ஒருவர் சொன்னார். நான் அதை மாமாவிடம் சொன்னபோதுதான் அவர் அந்தப் படுக்கையில் முதல் தடவையாக நோயாளி மாதிரி ஆனார். தீப்பெட்டி எங்கே, நான் போய்க் கொளுத்திக் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். நீங்கள் படுத்த படுக்கையாக இருக்கிறீர்கள் என்று அக்கா ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு பொய்யைச் சொல்லி ஒரு வீட்டைக் காப்பாற்றியவர், அதே பொய்யால் தன் இத்தனை வருஷத்து உழைப்பு போனதை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

தையல்காரம்மா பார்க்க வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, கழற்ற மறந்திருப்பார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு மாமாவிடம் நோய் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டார். மாமா, திடீரென்று வயிறு வலித்தது என்றார். குளிர் எடுத்ததா என்று கேட்டார். இல்லை, நேராக வயிறுதான் என்றார் மாமா. தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று கேட்டார். நன்றாகக் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சம் என்று திருத்தினார். தையல்காரம்மா கட்டில் பக்கத்து ஸ்டூலைப் பார்த்தார். அதன் மேல் ரொட்டித் தூள் கிடந்தது. அக்கா அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

பிறகு தையல்காரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் பொண்ணுக்கு முதல்ல குளிர்தான் வந்துச்சு" என்றார். "ரெண்டு போர்வை போட்டும் பல்லு கிட்டிச்சு. வயித்து வலி அதுக்கு அப்புறம்தான். வலி வந்தா காலை மடக்கிக்கிட்டு ஒருபக்கமாத்தான் படுப்பா, நிமிர்ந்து படுக்க முடியாது. நீங்க நிமிர்ந்து படுத்திருக்கீங்க."

மாமா மெதுவாக ஒருக்களித்துப் படுத்து, காலை மடக்கிக்கொண்டார்.

"தண்ணி குடிச்சா தங்காது. ஸ்பூன்ல தொட்டு நாக்குல தடவுவேன். உதடு வெடிச்சு, சிரிக்கக்கூட முடியாது. ஒரு தடவை என்னையே அடையாளம் தெரியாம டீச்சர்னு கூப்பிட்டா. வீட்டுப்பாடம் முடிச்சுட்டேன் டீச்சர்னு சொன்னா." தையல்காரம்மா டேப்பைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டார். "யாராவது கேட்டா இதைச் சொல்லுங்கண்ணா."

அதுவரை சார் என்றவர் அண்ணா என்றார். மாமா ஒருக்களித்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அத்தனை வீட்டு வாசல் ஏறியவர், ஒரு நோயாளியின் கதையை ஆரம்பம் முதல் கடைசி வரை கேட்டது அன்றைக்குத்தான்.

"அன்னிக்கே நான் இதைக் கேட்டிருக்கணும்மா" என்றார்.

"நீங்க வந்ததும் அடுப்பைத்தான் பத்த வச்சீங்க" என்றார் தையல்காரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அக்கா கொடுத்த தேநீரைச் சாவகாசமாகக் குடித்துவிட்டு, தைக்க நிறையக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே மேனேஜர் வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். செருப்பைக் கழற்றும்போதே அக்காவிடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டார், குரலில் அக்கறை இருந்தது. ஆப்பிளை ஸ்டூலில் வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். மாமா வெளியில் வேறு ஏதோ சாப்பிட்டதால்தான் இப்படி ஆனது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் சிகிச்சைச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது, சம்பளத்தோடு ஓய்வு. சொல்லாவிட்டால் மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று தன்னால் உறுதி கூற முடியாது. இப்படித்தான் சுற்றி வளைத்தார். அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீடே ஓடுகிறது.

மாமா ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"முதல்ல குளிர் வந்துச்சு சார்" என்று ஆரம்பித்தார்.

போர்வையைச் சொன்னார். பல்லைச் சொன்னார். மடக்கிய காலையும் தங்காத தண்ணீரையும் ஸ்பூனையும் சொன்னார். மேனேஜர் இரண்டு தடவை குறுக்கே பேசப் பார்த்தார். மாமா இடம் கொடுக்கவில்லை. உதடு வெடித்ததைச் சொன்னார், வெடிக்காத உதட்டால். வீட்டில் இருப்பவர்களையே அடையாளம் தெரியவில்லை என்றார். "டீச்சர்னு கூப்பிட்டேன் சார். வீட்டுப்பாடம் முடிச்சுட்டேன் டீச்சர்னு சொன்னேன்" என்றார். அழுதுவிட்டார்.

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா எந்தக் காலத்திலும் டீச்சராக இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். தலை நரைத்த மாமாவைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இப்போ எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்துட்டா சார். இன்னும் சரியா நடக்க முடியல."

மேனேஜர் செல்போனை எடுத்தார். ஏழாம் நம்பர் ஷெட் முட்டை எந்தெந்தக் கடையில் இருக்கிறதோ எல்லாவற்றையும் திரும்ப எடுக்கச் சொன்னார். யார் உத்தரவு என்று எதிர்முனையில் கேட்டிருக்க வேண்டும். என் உத்தரவுதான் என்றார், அதைச் சொல்லும்போது அவர் முகமும் அவ்வளவு நன்றாக இல்லை. போனை வைத்துவிட்டு எழுந்தார். ஸ்டூலில் வைத்த ஆப்பிள் பையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்றார்.

"லீவா சார்?" என்று கேட்டார் மாமா.

"இல்ல."

மாமா தலையாட்டினார். மேனேஜர் போகாமல் ஆப்பிள் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மா வீடு எங்கே என்று கேட்டார். மாமா கட்டிலை விட்டு இறங்கி வாசலுக்கு வந்து, கையை நீட்டி வழி காட்டினார்.

"பின்தெருதான் சார். யாரையும் கேக்க வேண்டாம், தையல் மெஷின் சத்தம் கேக்கும்."